வெட்டில் மறையும் விகுதி

குறும்படத் தொகுப்பில் நாம் முதலில் காக்க வேண்டியது வாக்கியத்தின் இறுதி. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. பால் காட்டும் விகுதியும் அதிலேயே தங்குகிறது. பேச்சிலோ ‘வந்தான்’ என்பதன் னகரம் மூக்கொலியாகத் தேய்கிறது. ‘வந்தாள்’ என்பதன் ளகரம் மறைந்தே போகிறது. எழுவாய் தொக்கு நிற்கையில் இரண்டையும் பிரிப்பது அம்மெல்லிய மூக்கொலி ஒன்றே. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் நான்கைந்து ஃபிரேம் முந்தி வெட்டினால், வந்தவன் வந்தவளாகிவிடக்கூடும். தமிழறியாத நண்பர் ஆங்கில வசன வரிகளைப் பார்த்தே தொகுத்தால் (நம் பன்மொழிச் சூழலில் இஃது இயல்பே) பிழை புலப்படாது. காட்சி கேட்பவர் முகத்துக்கு முன்னரே தாவலாம். பேசியவர் குரல் முடியும்வரை தொடரட்டும். தொகுப்பாளர் இதனை ‘எல் கட்’ என்பர். ஒலிக்கலவைக்கு முன், திரையை அணைத்துவிட்டு ஒருமுறை செவியால் மட்டும் கேட்போம்.