கழற்றக் கழற்றக் காசு!
ஒரு ஹெரால்டு காரைப் பிரித்த கதை

சென்னைப் புறநகரில் ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு மோட்டார் கார் நின்றது.

அது "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" கார். நான்கு கதவு. ஒரு காலத்தில் இளம் நீல நிறமாக இருந்ததாம். இப்போது அதன் நிறம் என்ன என்று சொல்ல முடியவில்லை.

காரின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். எழுபது வயதைத் தாண்டியவர். அது அவருடைய தகப்பனார் வாங்கிய கார். அந்தக் காரில்தான் அவருக்குக் கல்யாண ஊர்வலம் நடந்தது. அவருடைய மூத்த மகள் ஆஸ்பத்திரியில் பிறந்து, வீட்டுக்கு வந்ததும் அதே காரில்தான்.

அந்தக் காரை அன்று பிரிக்கப் போகிறார்கள்!

"ஐயா, நீங்க உள்ளே போங்க. நாங்க பார்த்துக்கிறோம்" என்றார், மேஸ்திரி.

ஆசிரியர் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சென்னையில் பிறந்த கார்

ஹெரால்டு காரின் பூர்வீகம் இங்கிலாந்து. அங்கே 1959-ம் ஆண்டு அது வெளிவந்தது. அதன் அழகான உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961-ல் சென்னையிலும் ஹெரால்டு கார் செய்யத் தொடங்கினார்கள். வண்டலூருக்குப் பக்கத்தில், பெருங்களத்தூரில் தொழிற்சாலை இருந்தது. 1971 வரை ஹெரால்டு விற்பனைக்கு வந்தது. பிறகு அது நின்றது. பின்னாளில் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

கார் செய்தவர்கள் போய்விட்டார்கள். காரை நேசிப்பவர்கள் போகவில்லை! ஹெரால்டை இன்றும் துடைத்து, எண்ணெய் போட்டு, ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய கவலை ஒன்றே ஒன்றுதான். சாமான் கிடைக்காது!

இங்கிலாந்தில் இந்தக் காருக்கு இன்னமும் உதிரிச் சாமான்கள் விற்கிறார்கள். எஞ்சின் சாமான் வேண்டுமானால் பணம் கட்டி வரவழைக்கலாம். ஆனால், நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் கிடையாது. அது நம் நாட்டில் மட்டும் செய்தது. ஆகவே, அதன் பின் கதவு உலகத்தில் வேறு எங்கு தேடினாலும் கிடைக்காது. இன்னொரு பழைய ஹெரால்டில் இருந்து கழற்றினால்தான் உண்டு.

ஏன் பிரிக்க வேண்டும்?

"இந்தக் காரையே பழுது பார்த்து ஓட்டக் கூடாதா?" என்று கேட்டேன்.

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். காருக்கு அடியில் படுத்து, சேசிஸ் என்ற அடிச்சட்டத்தில் லேசாகக் குத்தினார். பிஸ்கட்டில் குத்தியதுபோல் அது உள்ளே போய்விட்டது. பொலபொலவென்று துரு கொட்டியது.

கடற்காற்றும் மழைத் தண்ணீரும் செய்த வேலை. காரைத் தாங்குவதே அந்தச் சட்டம்தான். அது போனால் எல்லாம் போயிற்று. அதைச் சரி செய்ய ஆகும் செலவில் ஓடுகிற காரே வாங்கிவிடலாம் என்றார், மேஸ்திரி.

கழற்றுவதற்கே பிறந்ததுபோல...

ஹெரால்டு காரிடம் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்தில் கார் கம்பெனிக்குக் கூடு செய்து கொடுத்துவந்த நிறுவனத்தை, 1953-ல் போட்டிக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. முழுக் கூடு செய்து தர ஆள் இல்லை. என்ன செய்வது? தனித்தனித் துண்டுகளாகப் பல இடங்களில் செய்து, அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். முடுக்கிச் செய்த காரைக் கழற்றுவதும் எளிது.

முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றினார்கள். பிறகு பெட்ரோலையும் எஞ்சின் ஆயிலையும் வடித்து, தகர டப்பாக்களில் பிடித்தார்கள். ஒரு சொட்டு ஆயில்கூட மண்ணில் விழ மேஸ்திரி விடவில்லை. பக்கத்திலேயே கிணறு இருக்கிறதல்லவா!

அடுத்தது பானெட். ஹெரால்டில் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து, முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும். முதலை வாய் பிளந்ததுபோல் இருக்கும்! விளக்கு ஒயர்களைப் பிரித்து, கீல்களைக் கழற்றினார்கள். மூன்று பேர் அதைத் தூக்கிச் சுவரில் சாத்தினார்கள்.

துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாளே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்கள். அப்படியும் இரண்டு நட்டு அசையவில்லை. அவற்றை அறுக்க வேண்டியதாயிற்று.

மேஸ்திரியின் கையாள் ஒரு சிறு இளைஞன். எதைக் கழற்றும் முன்பும் செல்போனில் படம் எடுத்தான். கழற்றிய போல்ட்டுகளைப் பையில் போட்டு, எந்த இடத்தைச் சேர்ந்தது என்று சீட்டு எழுதிக் கட்டினான். வாங்குகிறவர் திரும்ப மாட்ட வேண்டாமா? சீட்டு இல்லாத போல்ட் வெறும் இரும்பு.

மத்தியானத்துக்குள் செயின் பிளாக் போட்டு எஞ்சினைத் தூக்கிவிட்டார்கள். 948 சி.சி. எஞ்சின். சின்னதுதான். "ஸ்டாண்டர்டு 10" என்ற பழைய காருக்கும் இதே எஞ்சின் என்பதால், இதற்குத் தனிக் கிராக்கி!

முன் சக்கரத்துச் சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது மட்டும் எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னார், மேஸ்திரி. அழுத்தி வைத்த ஸ்பிரிங் துள்ளினால் ஆளையே அடித்துப் போடும். காலி பெட்ரோல் டாங்கும் அப்படித்தான். உள்ளே பெட்ரோல் ஆவி நிற்கும். ஒரு பொறி பட்டால் போதும், வெடித்துவிடும். அதனால், கேஸ் வைத்து வெட்டும் வேலைக்கு முன்பே டாங்கைத் தூரக் கொண்டுபோய் வைத்தார்கள்.

மொத்தமா, சில்லறையா?

காரைப் பிரிப்பது ஒரு நாள் வேலை. விற்பதில்தான் தகராறு!

புதுப்பேட்டையில் இருந்து ஒரு வியாபாரி வந்தார். பழைய மோட்டார் சாமான்களுக்குப் பேர்போன இடம் அல்லவா, புதுப்பேட்டை! "எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுங்க. கையில் பணம் தருகிறேன்" என்றார்.

ஆசிரியருக்கு இஷ்டம் இல்லை. "ஓடுகிற ஹெரால்டு வைத்திருப்பவருக்குத்தான் கொடுப்பேன்" என்றார். அவருடைய மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"மழைக்காலம் வரப்போகுது. மாடி ஒழுகுது. நீங்க கதவையும் கண்ணாடியையும் கட்டிக்கிட்டு ஆள் வரும்னு காத்திருங்க!" என்றார், அம்மாள்.

அந்த அம்மாள் சொன்னதில் தப்பில்லை. தனித்தனியாக விற்றால் பணம் அதிகம். ஆனால், மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இடமும் அடையும். எலியும் குடிவரும்.

கடைசியில் பாதிக்குப் பாதி என்று முடிவாயிற்று. எஞ்சின், கியர் பாக்ஸ், டைனமோ, ரேடியேட்டர் ஆகியவை புதுப்பேட்டைக்குப் போயின. மாடி வேலைக்குப் பணம் கிடைத்தது. கதவுகள், பானெட், முன் கண்ணாடி, மீட்டர்கள் ஆகியவை ஆசிரியர் பங்கு. அவற்றைப் பழைய துணி சுற்றி, பரண் மீது ஏற்றினார்.

எண்ணை விற்காதீர்கள்!

வியாபாரி இன்னொன்றும் கேட்டார். "ஆர்.சி. புத்தகத்தையும் சேசிஸ் நம்பரையும் தருவீங்களா? அதற்குத் தனிப் பணம்."

ஆசிரியர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். மிகவும் சரி! செத்துப்போன காரின் எண்ணைத் திருட்டுக் காருக்கு வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. நாளை போலீசார் வந்து கதவைத் தட்டுவது யார் வீட்டில்? புத்தகத்தில் பெயர் உள்ளவர் வீட்டில்தான்!

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, கார் இனி ஓடாது என்று ஆகிவிட்டால், 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தையும் ஒப்படைக்க வேண்டும். ஆசிரியர் அப்படியே செய்தார். எண் பொறித்த அடிச்சட்டத்தைக் காயலான் கடைக்குப் போடவில்லை. பழைய வண்டிகளை உடைப்பதற்கென்று, 2021-ல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு பெற்ற நிலையங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு நிலையத்துக்கு அனுப்பி, சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் அங்கே போயிருந்தேன். கோயம்புத்தூரில் இருந்து ஒரு வாலிபர் வந்திருந்தார். அவருடைய ஹெரால்டை லாரி இடித்து, பின் கதவு நசுங்கிவிட்டதாம்.

ஆசிரியர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "தம்பி, வண்டி ஓடுகிறதா?" என்று கேட்டார்.

வாலிபர் செல்போனை எடுத்துக் காட்டினார். சிவப்பு நிற ஹெரால்டு ஒன்று, புகை இல்லாமல் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஆசிரியர் அதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு பரணில் ஏறுவதற்கு ஏணியை எடுத்துவரப் போனார்.

"நீங்க ஏறாதீங்க, விழுந்துடுவீங்க. அந்தத் தம்பியை ஏறச் சொல்லுங்க!" என்று உள்ளே இருந்து அம்மாள் குரல் கொடுத்தார்.