மெனு எங்கே போனது?

2012ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், எங்கள் பள்ளிக் கணினி அறையில் இருந்த உபுண்டு 10.04 பதிப்பை 12.04க்கு மாற்றினேன். பள்ளி திறந்ததும் அறிவியல் ஆசிரியை ஒருவர், செல் அமைப்பைப் படங்களில் காட்ட எட்டாம் வகுப்பு மாணவர்களை அழைத்து வந்தார். யாருடைய உதவியும் இன்றிக் கணினியை இயக்கப் பழகியிருந்தவர். திரையைப் பார்த்ததும், “சார், மெனு எங்கே போச்சு?” என்றார்.

அவர் அறிந்த ‘பயன்பாடுகள்’ மெனு மேல் மூலையில் இல்லை. இடப்பக்கத்தில் படங்கள் அடுக்கிய ஒரு பட்டை நின்றது. திறந்த நிரலின் மெனுவோ, சுட்டியைத் திரையின் மேல்விளிம்புக்குக் கொண்டுபோனால்தான் தெரிந்தது. சிறிது நேரம் தேடிவிட்டு, அவர் கரும்பலகையில் படம் வரைந்து பாடத்தை முடித்தார். அதன்பின் இரண்டு வாரங்கள் கணினி அறைப் பக்கமே அவர் வரவில்லை. தவறு என்னுடையது. மாற்றத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

என்ன நடந்தது?

லினக்ஸ் என்பது அடித்தளத்தில் இயங்கும் கருவகம். நாம் கண்ணால் காணும் மேசைத்தளம் அதன்மேல் அமரும் தனி மென்பொருள். பள்ளிக் கட்டடத்தை இடிக்காமலே வகுப்பறை பெஞ்சுகளை மாற்றிப் போடுவதைப் போல, கருவகத்தைத் தொடாமலே மேசைத்தளத்தை மாற்றலாம். க்னோம், கேடிஈ, எக்ஸ்எஃப்சிஈ ஆகியவை அத்தகைய மேசைத்தளங்கள்.

2011 ஏப்ரலில் இரண்டு பெரிய மாற்றங்கள் வந்தன. க்னோம் 3 வெளியானது, உபுண்டு 11.04 ‘யூனிட்டி’ என்ற புதிய முகப்புக்கு மாறியது. அகலத்திரைகள் பரவியிருந்ததால், உயரத்தை மிச்சப்படுத்தப் பட்டை பக்கவாட்டுக்குப் போனது. மெனுவில் தேடுவதைவிடப் பெயரைத் தட்டச்சு செய்து நிரலைத் திறப்பது முதன்மை பெற்றது. காரணங்கள் நியாயமானவைதாம். ஆனால் பழகிய கைகளுக்கு அது சிரமமாக இருந்தது. லினக்ஸ் கருவகத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே க்னோம் 3 மீது அதிருப்தி தெரிவித்து, எக்ஸ்எஃப்சிஈக்கு மாறினார்.

கட்டற்ற மென்பொருளின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால், பழைய க்னோம் 2ஐ ‘மாத்தே’ என்ற பெயரில் சிலர் தொடர்ந்து வளர்த்தனர். லினக்ஸ் மிண்ட் குழுவினர் பழகிய மெனுவுடன் ‘சின்னமன்’ மேசைத்தளத்தை உருவாக்கினர். உபுண்டுவும் 2017 அக்டோபரில் வெளியான 17.10 பதிப்பில் க்னோமுக்கே திரும்பியது.

நான் செய்தது

கணினிகளில் எக்ஸ்எஃப்சிஈயையும் நிறுவினேன். நுழைவுத்திரையில் பயனர் பெயருக்கு அருகிலுள்ள குறியைச் சொடுக்கினால் விரும்பிய மேசைத்தளத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதைக் காட்டியபின் அந்த ஆசிரியை மீண்டும் வகுப்பை அழைத்து வந்தார்.

மாணவர்களோ ஒரு வாரத்தில் புதிய முகப்பைத் தாமே சொடுக்கிப் பார்த்துக் கற்றுக்கொண்டனர். அப்போதுதான் என் பாடக்குறிப்பைத் திரும்பப் பார்த்தேன். “மேல் இடது மூலையைச் சொடுக்கவும்” என்றே பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். நான் கற்பித்தது இடத்தை, செயலை அல்ல. இப்போது, “நிரலைத் தேடித் திற, கோப்பைப் பெயரிட்டுச் சேமி, சேமித்த இடத்தைக் கண்டுபிடி” என்று கற்பிக்கிறேன். எந்த முகப்பிலும் இது பொருந்தும்.

உங்கள் பள்ளியில் பதிப்பை மாற்றும்முன் மூன்றைக் கவனியுங்கள். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கி, கணினி பயன்படுத்தும் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே தேர்ந்தெடுங்கள். தமிழ்99 விசைப்பலகை வேலை செய்கிறதா என்று தட்டச்சு செய்து சரிபாருங்கள்.

பயன்பாட்டு எளிமை என்பது திரையின் அழகில் இல்லை. அவசரமாக வகுப்புக்கு வரும் ஆசிரியர், யாரையும் கேட்காமல் தம் வேலையை முடிக்க முடிகிறதா என்பதில்தான் இருக்கிறது.