ஓடு மெலிந்த முட்டை

அடைகாக்க அமர்ந்த தாயின் பாரத்தினாலேயே முட்டை நொறுங்குவதுண்டோ?

கல்லடிப் பாலத்தில் நின்றால், செம்பருந்தொன்று மட்டக்களப்பு வாவியின் மீது தாழப் பறந்து, மீனைக் காலால் பற்றிக்கொண்டு, பறந்தபடியே கொத்தித் தின்பதைக் காணலாம். இத்தகைய வேட்டைப் பறவைகளின் முட்டைகள் மேல்நாடுகளில் அவ்வாறே நொறுங்கிய காலமொன்று இருந்தது. இலங்கையில் 1946ஆம் ஆண்டளவில் வீட்டுச் சுவர்களிலே தெளிக்கப்பட்டு, மலேரியா நுளம்பை ஒழித்து, எண்ணற்ற உயிர்களைக் காத்த அதே டி.டி.ரி. மருந்து, மேல்நாடுகளில் வயல்தோறும் விசிறப்பட்டபோது, பூச்சியிலிருந்து சிறு பிராணிகளுக்கும் அவற்றிலிருந்து வேட்டைப் பறவைகளுக்கும் ஏறி, கொழுப்பிலே தங்கி, முட்டை ஓட்டுக்குச் சேரவேண்டிய சுண்ணாம்பைத் தடுத்துவிட்டது.

அது வெளிப்பட்ட விதம் வெகு விசித்திரம். கூடுகளிலிருந்து முட்டை கவர்வதையே பொழுதுபோக்காகக் கொண்ட சில கனவான்கள் (அவர்களை மெச்சுவதற்கில்லை!) பெட்டிகளில் சேர்த்துவைத்திருந்த பைரி என்னும் வேட்டைப் பறவையின் பழைய முட்டை ஓடுகளை நிறுத்தும் அளந்தும் பார்த்த டெரிக் ராட்கிளிஃப் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அவை சட்டென்று மெலிந்துபோனதைக் கண்டு, 1967இல் உலகுக்கு அறிவித்தார்.

அம்மருந்து பல தேசங்களில் தடைசெய்யப்பட்டபின் ஓடு மீண்டும் தடித்தது, பைரிகளும் பெருகின. வடதேசத்துப் பைரிகள் மாரிகாலத்தில் இலங்கைக்கும் வருவதுண்டு. ஆகையால், வாவிக்கரையில் நீர்ப்பறவைக் கூட்டம் திடீரென்று கலைந்தெழுந்தால், ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்!