சமையலறையும் ஒரு வகுப்பறை

மட்டாஞ்சேரியின் மிளகு, சுக்குக் கிடங்குகளைச் சுற்றியுள்ள வீடுகளில் புட்டு பழக்கமான காலையுணவு. அறிவுசார் குறைபாடுடைய மாணவர்க்குச் சமையல் கற்பிக்க இது மிக ஏற்றது. மாவில் உப்புநீர் தெளித்துப் பிசிறுதல், தேங்காய்த் துருவலும் மாவும் மாற்றி மாற்றிக் குழலில் இடுதல், ஆவியில் வேகவைத்தல், கோலால் தள்ளுதல் என வேலை சிறு படிகளாகப் பகுக்கப்படுகிறது. கடைசிப் படியிலிருந்து கற்பிப்பது ஒரு முறை. மற்றவற்றை ஆசிரியர் செய்துவிட, மாணவர் சற்றே ஆறிய குழலிலிருந்து புட்டைத் தள்ளுகிறார். உழைப்பின் பயன் உடனே தட்டில் விழுகிறது. அது கைவந்தபின் அதற்கு முந்தைய படி. மாவின் பதம்தான் கடினம். பிடித்தால் சேரவேண்டும், அழுத்தினால் உதிரவேண்டும். இதைச் சொல்லால் விளக்க இயலாது, மாணவர் கைமேல் ஆசிரியர் கைவைத்தே உணர்த்தவேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரையே இலவசக் கல்வியை உறுதிசெய்கிறது. கேரளத்தில் 2004இல் வெங்ஙானூர் ஊராட்சியில் தொடங்கிய 'பட்ஸ்' பள்ளிகளைத் தொடர்ந்து, 18 வயது கடந்தோர்க்கு மறுவாழ்வு மையங்களும் உள்ளாட்சிகளால் நடத்தப்படுகின்றன. ஆயினும், தமக்குப்பின் பிள்ளைக்கு உணவளிப்பவர் யார் என்பதே பெற்றோரின் கவலை. அப்பெற்றோரே தீக்கு அஞ்சிப் பிள்ளையை அடுப்பருகில் விடுவதில்லை, அச்சம் இயல்பானதே. எனவே பள்ளியில் கற்ற படிகளைப் படங்களாக வரைந்து வீட்டுச் சமையலறைச் சுவரிலும் ஒட்டி, முதற்சில நாட்கள் தாயும் உடனிருந்து பழக்குவது நன்று.