அட்டைப் பெட்டிக்குள் ஒரு பிக்கப் வண்டி

- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்

ஆண்டு மலர் என்றாலே நான்கு காதல் கவிதை, இரண்டு கடி ஜோக், முதல்வர் வாழ்த்துரை என்று புரட்டிக்கொண்டே போகும் உங்களை இந்தப் பக்கத்தில் கொஞ்சம் நிறுத்தி, ஒரு பொம்மை வண்டியைப் பற்றிப் பேசலாம் என்று ஆசை. "டிப்ளமோ படிக்கிறவனுக்குப் பொம்மை என்னடா?" என்று கேட்காதீர்கள். நம்ம மூன்று வருட சிலபஸ்ஸில் பாதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் ஹாஸ்டலில் ஒரு நண்பனுக்கு சிங்கப்பூரிலிருந்து மாமா புத்தம் புது பிக்கப் டிரக் கிட் ஒன்று வாங்கி வந்தார். அளவு 1:10. கிட் என்றால் செய்து முடித்த வண்டி அல்ல. பாகம் பாகமாக, பை பையாக வரும். பிரேம், ஆக்ஸில், கியர், ஸ்க்ரூ, பாடி எல்லாம் தனித்தனி. நாமேதான் பூட்ட வேண்டும். ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்தான். பதினொன்றரைக்கு அறையில் பதினாறு பேர். மெஸ்ஸில் பொங்கல் போட்டால்கூட அவ்வளவு கூட்டம் சேராது!

முதலில் அளவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1:10 என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒரு பங்கு. மேஜையில் வைத்துப் பார்க்க மட்டும் என்றால் 1:24, 1:25 அளவில் பிளாஸ்டிக் கிட் கிடைக்கும். அமெரிக்க பிக்கப்களுக்கு 1:25 ரொம்ப காலமாகப் புழங்கும் அளவு. அதில் பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய் காய்த்த மாதிரி தொங்கும். நிப்பரால் வெட்டி, அரம் போட்டுத் தேய்த்து, பசை வைத்து ஒட்ட வேண்டும். அந்தச் சட்டம் வேறொன்றுமில்லை, இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் நாம் படம் வரைந்து பாகம் குறித்த அதே ரன்னர். பாகம் ரன்னரோடு சேரும் மெல்லிய கழுத்துதான் கேட். பாகத்தின் உட்புறத்தில் வட்ட வட்டமாகத் தழும்பு தெரியும்; டையிலிருந்து பாகத்தை வெளியே தள்ளிய எஜெக்டர் பின் வைத்த முத்திரை அது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதியதை அன்றைக்குத்தான் விரலால் தடவிப் பார்த்தேன்.

இந்தத் தொழிலில் பெரிய பெயர் ஜப்பானின் டாமியா. ஷிஸுவோகா நகரத்தில் 1946ஆம் ஆண்டு மரம் அறுக்கும் மில்லாகத் தொடங்கிய கம்பெனி. 1951இல் தீப்பிடித்து மரக்கிடங்கு போனது. பிறகு மரத்தால் ஆன மாதிரிகளில் முழுதாக இறங்கினார்கள். 1960இல் முதல் பிளாஸ்டிக் கிட், யமாட்டோ போர்க்கப்பல். போட்டிக் கம்பெனி அதே கப்பலை 350 யென்னுக்கு விற்றதால் இவர்களும் அந்த விலைக்கே இறங்க வேண்டி வந்தது, நஷ்டம். ஏன் நஷ்டம் என்பதில்தான் கிட் விலையின் ரகசியம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பிக்கப் விஷயத்தில் இவர்களுடைய பெரிய சாதனை 1981இல் வந்தது. டொயோட்டா ஹைலக்ஸ் 4x4 பிக்கப், 1:10, ரேடியோ கன்ட்ரோல். ஏணி மாதிரி உலோக பிரேம், நாலு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங், நாலு சக்கரத்துக்கும் இழுவை, எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று ஸ்பீடு கியர்பாக்ஸ்! வண்டி ஓடும்போதே தூரத்திலிருந்து ரேடியோவில் கியர் மாற்றலாம். 1985இல் புரூஸர் என்ற பெயரில் அதன் தம்பி வந்தது. அந்த புரூஸரையே 2012இல் மறுபடி தயாரித்து விற்றார்கள். சின்ன வயதில் வாங்க முடியாமல் ஏங்கியவர்கள் தலை நரைத்த பிறகு வாங்கினார்கள். கம்பெனியை உலகப் புகழுக்குக் கொண்டுவந்த ஷுன்சாகு டாமியா 2025 ஜூலையில் காலமானார்.

கவர்ச்சி எங்கே இருக்கிறது? ரேஸ் கார் மாடலும் அழகுதான். ஆனால் பிக்கப்பில் ஒளிவு மறைவு கிடையாது. கீழே குனிந்து பார்த்தால் கியர்பாக்ஸ், அதிலிருந்து பிராபெல்லர் ஷாஃப்ட், அது போய்ச் சேரும் டிஃபரன்ஷியல், பட்டை ஸ்பிரிங் என்று வரிசையாகத் தெரியும். ஒரு பக்கச் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு மறுபக்கம் சுற்றினால் டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது என்பது புரிந்துவிடும். நம்ம லேபில் இருக்கும் கட் செக்‌ஷன் மாடலுக்குப் பெயின்ட் அடித்து அடித்து அது இப்போது சுற்றுவதே இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்!

சரி, விலை. சென்னையில் ஒரு கடையில் போன் போட்டு விசாரித்தேன். மேஜையில் வைக்கும் 1:25 பிக்கப் கிட் நாலாயிரத்துச் சொச்சம். ஓடுகிற மூன்று ஸ்பீடு ரகம் வேண்டுமானால், ரேடியோ, சர்வோ, பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து அரை லட்சத்தைத் தாண்டும். இந்தச் சாமான்கள் பெரும்பாலும் பெட்டிக்குள் வராது, தனியாக வாங்க வேண்டும் என்பதைப் பெட்டிமேல் உள்ள படத்தில் மயங்குகிறவர்கள் கவனிக்க. நாலாயிரம் என்பது என் அப்பாவுக்கு எத்தனை டிரிப் வாடகை என்று எனக்குத் தெரியும். ஆகவே போனை வைத்துவிட்டேன். ஆனால் ஏன் இவ்வளவு என்ற கேள்வியை விட முடியவில்லை.

ஒரு காரணம் வரி. அளவு மாதிரிகளும் பொம்மைகளும் சுங்க அட்டவணையில் 9503 என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. வெளிநாட்டில் 100 ரூபாய்க்கு ஒரு கிட். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் 20 என்று வைப்போம். 120க்கு 70 சதவீதம் 84, ஆக 204. மோட்டார் இல்லாத பொம்மைக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதையும் சேர்த்தால் 214 ரூபாய் 20 பைசா. இன்னும் கடைக்காரர் லாபமே வரவில்லை! பழைய 20 சதவீதமாக இருந்தால் அந்த 84க்குப் பதில் 24தான். உள்ளூர்ப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றத்தான் வரி என்கிறார்கள், நியாயம்தான். ஆனால் 1:10 கியர்பாக்ஸ் செய்யும் உள்ளூர்க் கம்பெனி வந்த பிறகு வரியைப் போட்டிருந்தால் என்னைப் போன்றவன் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பான்.

இரண்டாவது காரணம் டை. ஒரு கிட்டில் இருக்கும் பிளாஸ்டிக்கின் எடையை நிறுத்தால் விலையில் அது தூசி. காசெல்லாம் எஃகு டையில் போகிறது. கணக்குக்காக டை செய்ய 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்சம் பெட்டி விற்றால் ஒரு பெட்டிக்கு 20 ரூபாய். இரண்டாயிரம் பெட்டிதான் விற்றது என்றால் பெட்டிக்கு 1,000 ரூபாய். முதல் பாகம் வெளியே வருவதற்கு முன்னாலேயே மொத்தச் செலவும் முடிந்துவிடுகிறது. யமாட்டோ கப்பலில் டாமியா அடி வாங்கியது இங்கேதான்: டைக்குப் போட்ட பணம் அந்த விலையில் திரும்பி வரவில்லை. நம்ம ஊர் குட்டியானைக்கு கிட் தேடி நான் அலைந்தும் கிடைக்காததற்கும் இதே கணக்குதான். யாராவது டை போட வேண்டும் என்றால் முதலில் லட்சம் பேர் வாங்குவோம் என்ற நம்பிக்கை வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கணக்கு தஞ்சாவூரிலேயே இருக்கிறது. நெட்டி வேலை! குளம், ஏரி ஓரம் சதுப்பில் வளரும் நெட்டித் தண்டை உலர்த்தி, தோல் சீவி, வெள்ளை வெளேரென்ற உள்சோற்றைக் கத்தியால் நறுக்கி ஒட்டிப் பெரிய கோயில் செய்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விமானம் 216 அடி என்று படிக்கிறோம். நெட்டியில் ஒரு அடி உயரத்தில் செய்தால் அது 1:216 அளவு மாதிரி. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தலையாட்டி பொம்மைக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. நெட்டி வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் போய், "ஐயா, நூறு கோயில் சேர்த்து ஆர்டர் கொடுத்தால் விலை குறையுமா?" என்று கேட்டேன். சிரித்தார். "தம்பி, முதல் கோயிலுக்கும் கை இதுதான், நூறாவது கோயிலுக்கும் கை இதுதான். நாள் குறையாதே!" என்றார். அவரிடம் டை இல்லை. ஆகையால் போட்ட முதலை எடுக்க வேண்டிய கவலை இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் முழுக் கூலி உண்டு. லட்சம் செய்பவனுக்கு டை லாபம். ஒன்றே ஒன்று செய்பவனுக்குக் கத்தி லாபம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று.

அப்படித்தான் சொந்தமாக டாடா ஏஸ் செய்ய உட்கார்ந்தேன். வேறு வண்டி எதற்கு? எங்கள் வீட்டுச் சோறு அந்த வண்டியில்தான் வருகிறது. திருவையாறு பக்கம் அப்பா ஓட்டுகிறார். நாற்றுக்கட்டு, உரம், வைக்கோல், அறுப்பு முடிந்தால் களத்திலிருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல். 2005இல் டாடா இந்த வண்டியை விட்டபோது 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன், பாரம் 750 கிலோ. நீளம் 3,800 மி.மீ., அகலம் 1,500, வீல்பேஸ் 2,100. 1:10இல் 380, 150, 210. டயர் 145 ஆர் 12; வெளிவிட்டம் சுமார் 540 மி.மீ., ஆகவே நமக்கு 54. டேப்பும் கால்குலேட்டரும் போதும், பள்ளிக்கூடக் கணக்கு.

ஸ்பிரிங் வந்ததும் கணக்கு முறைத்துக்கொண்டது. இதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். நீளம் பத்தில் ஒன்று என்றால் பரப்பு நூறில் ஒன்று, கன அளவும் எடையும் ஆயிரத்தில் ஒன்று. 750 கிலோ பாரம் 750 கிராம் ஆகிறது. நாற்பது கிலோ நெல் மூட்டை 40 கிராம். ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு ஆயிரத்தில் ஒன்றாகக் குறையாது. அதே எஃகில், அதே வடிவத்தில் பத்தில் ஒன்றாகச் செய்தால் விறைப்பும் பத்தில் ஒன்றுதான் குறையும். விளைவு? பெரிய வண்டி பாரத்தில் 60 மி.மீ. இறங்குகிறது என்றால் மாடல் 6 மி.மீ. இறங்க வேண்டும், இறங்குவதோ 0.6 மி.மீ. கல்லு மாதிரி நிற்கும். வெளிநாட்டில் ஹைலக்ஸ், புரூஸர் கிட் பூட்டுபவர்கள் ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு பட்டையைக் கழற்றிவிட்டு ஓட்டுவது இதனால்தான்.

மாடல் நிஜ வண்டி மாதிரி குனிய வேண்டுமென்றால் ஸ்பிரிங் இன்னும் பத்து மடங்கு மென்மையாக வேண்டும். பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிக்குப் போகிறது. பெரிய பட்டை 8 மி.மீ. என்று வைத்தால் நேர் அளவில் 0.8, அதைப் பத்தின் கனமூலமான 2.15ஆல் வகுத்தால் 0.37 மி.மீ. பெட்டி கட்டும் எஃகுப் பட்டை 0.4 மி.மீ. தடிமனில் கிடைத்தது. தகட்டுக் கத்தரியால் கீறி, வளைத்து, மூன்று மூன்றாக அடுக்கிப் பூட்டினேன். சின்னச் சாக்கு தைத்து, எடை பார்த்து மணல் நிரப்பினேன். பதினெட்டு மூட்டை ஏற்றியதும் வண்டி அழகாகக் குனிந்தது. அது 720 கிராம். பத்தொன்பதாவது மூட்டை வைத்தால் பாரம் தாண்டிவிடும்.

இந்த இடத்தில்தான் பொம்மை பொம்மையாக இல்லை. அறுப்பு சீசனில் களத்தில் கேட்கும் குரல் உங்களுக்குத் தெரியும்: "அண்ணே, இன்னும் ஒரு ஏழு மூட்டை சேர்த்துப் போட்டுக்கங்க, ஒரே நடையா போயிடும்!" இருபத்தைந்து மூட்டை. அதாவது 1,000 கிலோ, மூன்றில் ஒரு பங்கு அதிகம். போன சம்பாவில் அப்பா வண்டியின் பின் மெயின் பட்டை உடைந்து, நாலு நாள் சீசன் வாடகை போனது. மாடலில் இருபத்தைந்து மூட்டையும் ஏற்றிக் காட்டினேன். பட்டை கிட்டத்தட்ட நேராகிவிட்டது. நேராகிவிட்ட பட்டைக்குப் பள்ளத்தில் விழும்போது கொடுக்க இடமில்லை. பாரம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் உலோகத்தில் தகைவும் அதே அளவு கூடும். ஆனால் ஆயுள் மூன்றில் ஒரு பங்கு மட்டும் குறையாது. அயர்வு வரைபடத்தைப் பாருங்கள், பல மடங்கு சரியும்.

அப்பா குனிந்து, ஒவ்வொரு மூட்டையாக எடுத்து எடுத்துப் பார்த்தார். "கணக்கு சரிதான்டா. ரெண்டு நடை போனா டீசல் யாரு குடுப்பா? உன் வண்டிக்கு டியூ கிடையாது, எனக்கு உண்டு" என்றார். அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. ஆனால் இந்தக் குறுவையில் அவர் இருபதுக்கு மேல் ஏற்றவில்லை என்று கிளீனர் பையன் சொன்னான். மீதிக்கு வாடகை பேசும்போது மாடலைப் பற்றியும் சொன்னாராம்!

செலவைக் கேட்பீர்கள். கேபினுக்கும் பாடிக்கும் சன்போர்டு 260 ரூபாய், சக்கரம் கடைய நைலான் ராடு 310, பிரைமரும் பெயின்ட்டும் 420, பசை, ஸ்க்ரூ, ஆக்ஸிலுக்கு சைக்கிள் ஸ்போக் கம்பி எல்லாம் 150. மொத்தம் 1,140. லேத்தில் சக்கரம் கடைய அனுமதித்த ஒர்க்‌ஷாப் ஆசிரியருக்கு நன்றி. ராத்திரி கண்விழித்ததற்குக் கூலி போட்டால் நெட்டிப் பெரியவர் கணக்குதான் வரும், போடவில்லை. காசு கொடுத்தால் ரெடிமேட் புராஜெக்ட் கட்டிக்கொடுக்கும் கடைகள் எவ்வளவு கேட்கின்றன என்பது இறுதியாண்டு அண்ணன்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஸ்டியரிங் இன்னும் முடியவில்லை. முன் ஆக்ஸிலின் இரு பக்கமும் கிங்பின் சரிவு ஒத்து வரமாட்டேன் என்கிறது. வரைபடங்கள் ஐந்து ஷீட் இருக்கின்றன. வேண்டுவோர் ஹாஸ்டலில் என் அறைக்கு வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம், ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்தால் சரி.