திறந்து 12 நாளில் அலை பாய்ந்த மெரினா மரப்பாதை! ரூ.1 கோடியே 14 லட்சம் வீண்தானா?

சென்னை,

திறந்து 12 நாள்தான் ஆகியிருந்தது. கடல் பொங்கி வந்தது. கைப்பிடிக் கட்டைகள் பெயர்ந்தன. பலகைகள் சரிந்தன.

மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்ட மரப்பாதைக்கு நேர்ந்த கதி இது. விவரம் வருமாறு:-

2022 நவம்பர் 27-ந்தேதி இந்தப் பாதையைத் திறந்து வைத்தவர், அப்போது சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி எம்.எல்.ஏ.வாக இருந்த உதயநிதி ஸ்டாலின். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே தொடங்கி, மணலின் குறுக்கே கடலைப் பார்த்துப் போகிறது. நீளம் 263 மீட்டர். அகலம் 3 மீட்டர். செலவு ரூ.1 கோடியே 14 லட்சம். 'சிங்காரச் சென்னை 2.0' திட்டப் பணம்.

டிசம்பர் 9-ந்தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அதற்குள் மரப்பாதையின் கடலோர முனையை அலை பதம் பார்த்துவிட்டது.

"கோடி ரூபாயைக் கொண்டு போய்க் கடல்ல கொட்டிட்டாங்கப்பா!" டீக்கடையிலும் மின்சார ரெயிலிலும் அன்று இதுதான் பேச்சு. கணக்குப் போட்டவர்களும் உண்டு. ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 43 ஆயிரம் ரூபாய்!

கோபம் நியாயம்தான். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது.

மணலில் புதையும் சக்கரம்

சக்கர நாற்காலியை மெரினா மணலில் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலு அடி போவதற்குள் முன்சக்கரம் புதைந்துவிடும். பிறகு இரண்டு பேர் தூக்க வேண்டும். இல்லையென்றால் ரோட்டு ஓரத்திலேயே உட்கார்ந்து, மற்றவர்கள் காலை நனைத்துவிட்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தும் கடல் தண்ணீரைப் பக்கத்தில் போய்ப் பார்க்காதவர்கள் இப்படித்தான் உண்டானார்கள்.

இதற்கு முன்பு டிசம்பர் 3-ந்தேதி மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால், மாநகராட்சி தற்காலிகப் பாதை போடும். சில நாள் இருக்கும். அப்புறம் எடுத்துவிடுவார்கள். அடுத்த டிசம்பர் வரை கடலுக்கு லீவு!

நிரந்தரமாக வேண்டும் என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் வருடக் கணக்கில் நடையாய் நடந்து வாங்கியதுதான் மரப்பாதை. கடலோர ஒழுங்குமுறை விதிகள் கடுமையானவை. நினைத்த இடத்தில் சிமெண்டைக் கொட்டி ரோடு போட முடியாது. அதனால்தான் மரம்.

புயலில் போனது முனைப் பகுதிதான். மாநகராட்சி அதைச் சரி செய்து மறுபடி திறந்தது. பின்னர் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கும் மரப்பாதை வந்தது. முழங்கால் வலிக்காரப் பாட்டிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் இந்தப் பாதைகள் சௌகரியமாகிவிட்டன.

கவுன்சில் இல்லாத காலம்

இது யாரோ மனமிரங்கிச் செய்யும் தர்மம் அல்ல. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் கடமை. பொதுமக்கள் வந்து போகும் கட்டிடங்களை எல்லோரும் நுழையும்படி 5 ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பொழுதுபோக்கு இடங்களும் இதில் அடக்கம். விதிமுறைகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது.

அந்த 5 ஆண்டில் சென்னையில் நடந்தது என்ன? 2016 அக்டோபரில் கவுன்சிலின் ஆயுள் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. அதிகாரிகள் ஆட்சிதான். ஆர்.பிரியா மேயராகப் பதவி ஏற்றது 2022 மார்ச் 4-ந்தேதி. அதாவது, கெடு முடிய 3 மாதம் இருக்கும்போதுதான் ரிப்பன் மாளிகைக்குக் கவுன்சிலர்களே வந்தார்கள்! "எங்க வார்டு பார்க்குக்கு என்ன செஞ்சீங்க?" என்று எழுந்து கேட்க அதுவரை ஆளே இல்லை.

2024 நவம்பர் 8-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு போடு போட்டது. இந்த வசதிகளுக்கான அளவுகள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும், 3 மாதத்தில் புது விதி கொண்டு வாருங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

பைக் வராது, நாற்காலியும் வராது!

கடற்கரையை விடுங்கள். தெருமுனைப் பூங்காவுக்கு வாருங்கள். சென்னையில் மாநகராட்சிப் பூங்காக்கள் எழுநூறுக்கு மேல்.

பல பூங்காக்களில் வாசலிலேயே தகராறு. மோட்டார் சைக்கிள் உள்ளே வரக்கூடாது என்று குறுக்கே இரும்புக் குழாயை வளைத்து நட்டிருப்பார்கள். ஆள் உடம்பைத் திருப்பிக்கொண்டு நுழையலாம். சக்கர நாற்காலி நுழையாது. குழாயைத் தாண்டினால் ஒரு படி. படியைத் தாண்டினால் பேவர் பிளாக் பெயர்ந்த பள்ளம். கழிப்பறைக் கதவோ ஒல்லியான ஆளுக்கே இடிக்கும்.

இதையெல்லாம் மாற்றக் கோடிகள் தேவையில்லை. வாசலில் 90 சென்டிமீட்டர் இடைவெளி, அதாவது சுமார் மூன்றடி. படி இருக்கும் இடத்தில் சாய்தளம். அதற்கும் எளிய கணக்கு உண்டு. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். அரை அடிப் படிக்கு ஆறடிச் சாய்தளம். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், கொஞ்சம் சிமெண்டு. சிலர் கடமைக்கு இரண்டடியில் செங்குத்தாகப் பூசிவிட்டுப் போகிறார்கள். அதில் ஏறினால் நாற்காலி பின்பக்கம் சாயும். அதற்குப் படியே தேவலாம்.

யார் பணம்?

பெரிய வேலைக்குப் பணம் தனித் திட்டத்தில் வருகிறது. திறப்பு விழா நடக்கிறது, போட்டோ வருகிறது. பூங்கா வாசல் குழாயை அகற்றுவதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

சின்ன வேலைகளுக்குக் கவுன்சிலர்களின் வார்டு நிதி இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் இது வார்டுக்கு 60 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. மழைநீர்க் கால்வாய், தெருவிளக்கு, சிமெண்டு ரோடு என்று ஆயிரம் கேட்பார்கள். கவுன்சிலர் கேட்கிற குரலுக்குத்தான் பணம் ஒதுக்குவார். பூங்காவுக்குள் நுழையவே முடியாதவர் பூங்காவில் வந்து நின்று புகார் சொல்ல முடியுமா?

இதற்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக உட்கார வைக்கும் மசோதாக்கள் 2025 ஏப்ரலில் தமிழக சட்டசபையில் நிறைவேறின. பஞ்சாயத்து முதல் மாநகராட்சி வரை இது பொருந்தும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஏரியா சபைக் கூட்டங்களில் பொதுமக்கள் கோரிக்கை கொடுக்கலாம். பூங்காவின் பெயர், தெரு, வாசல் இடைவெளி எத்தனை சென்டிமீட்டர், படி எத்தனை அங்குலம் என்று நாலு வரி எழுதினால் போதும். அளப்பதற்குத் தையல்காரரின் டேப்பே தாராளம்.