புரோட்சைட்

புரோட்சைட் என்பது ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் வழங்கும் ஒரு சிற்றுணவு முறை ஆகும். ரொட்டியை அடிப்படையாகக் கொண்ட இதில் பாலாடைக்கட்டி, முள்ளங்கி, குளிர்ந்த இறைச்சி வகைகள் முதலியன இடம்பெறுகின்றன. பியர் ஆலைகளைச் சார்ந்த தோட்டங்களில் நண்பர்கள் குழுவாக அமர்ந்து, நடுவில் வைத்த உணவைப் பகிர்ந்து உண்பது இதன் நன்கறியப்பட்ட வடிவம் ஆகும். மரபுவழிப் பியர்த் தோட்டங்களில் குடிப்பதற்கு உரியதை மட்டும் விலைக்கு வாங்கிக்கொண்டு, உணவை வீட்டிலிருந்தே எடுத்துச் சென்று உண்ணலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட ஒரு வணிகத் தகராறின் தீர்விலிருந்து வளர்ந்த இவ்வழக்கம், இன்று ஓர் இடம் பியர்த் தோட்டமா அல்லவா என்பதைத் தீர்மானிக்கும் அடையாளங்களுள் ஒன்றாகச் சட்டத்தின் பார்வையிலும் ஏற்கப்பட்டுள்ளது.

பெயர்

ஜெர்மன் மொழியில் "புரோட்" என்பது ரொட்டியையும் "சைட்" என்பது நேரத்தையும் குறிக்கும். எனவே "ரொட்டி நேரம்" என்பது இச்சொல்லின் நேர்ப்பொருள் ஆகும். வயல்களிலும் பட்டறைகளிலும் உழைப்போர் இரு பெரிய உணவு வேளைகளுக்கு இடையே வேலையை நிறுத்திவிட்டு உண்ட சிற்றுணவை இது முதலில் குறித்தது. பின்னர், அந்த இடைவேளை, அதில் உண்ணும் உணவு ஆகிய இரண்டுக்கும் இதுவே பெயராயிற்று. ஓர் அலுவலகத்தின் காலை இடைவேளையும், பியர்த் தோட்டத்தின் மாலைநேர உணவும் இன்று ஒரே சொல்லால் அழைக்கப்படுகின்றன.

வரலாறு

நிலவறைகளும் நிழல் மரங்களும்

பவேரியாவில் பெரிதும் தயாரிக்கப்பட்ட பியர், குளிர்ந்த நிலையில் மெதுவாக நொதிக்கும் வகையைச் சேர்ந்தது. இதற்குரிய ஈஸ்ட் ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழான வெப்பநிலையில் நன்கு செயற்படும். கோடையில் இவ்வெப்பநிலையைப் பேண இயலாததால் பியர் எளிதில் கெட்டது. மேலும், வெப்பமான பருவத்தில் பெரிய கொப்பரைகளின் அடியில் தீ மூட்டுவது நகரங்களில் தீ விபத்துக்கும் காரணமானது. எனவே 16 ஆம் நூற்றாண்டில், செப்டம்பர் 29 ஆம் நாளுக்கும் ஏப்ரல் 23 ஆம் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டுமே பியர் தயாரிக்கலாம் என்று பவேரியாவில் விதிக்கப்பட்டது.

கோடைக்குத் தேவையான பியரை மார்ச் மாதத்தில் சற்றுக் கூடுதல் வலிமையுடன் தயாரித்துச் சேமித்து வைத்தனர். மார்ச் மாதத்தின் பெயரால் இது "மேர்ட்சன்" எனப்பட்டது. இதனைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதற்காக, மியூனிக் நகரின் பியர் ஆலை உரிமையாளர்கள் ஈசார் ஆற்றங்கரைச் சரிவுகளில் நிலவறைகள் அமைத்தனர். குளிர்காலத்தில் நீர்நிலைகளிலிருந்து வெட்டி எடுத்த பனிக்கட்டிகள் அவற்றினுள் நிரப்பப்பட்டன. நிலவறையின் மேற்பரப்பில் வெயில் படாதிருக்கச் சரளைக் கற்களைப் பரப்பி, குதிரைச் செஸ்நட் மரங்களை நட்டனர். அகன்ற இலைகளைக் கொண்ட இம்மரங்கள் அடர்ந்த நிழல் தருபவை. இவற்றின் வேர்கள் ஆழமாகச் செல்லாமல் பக்கவாட்டில் பரவுவதால் நிலவறையின் கூரைக்குச் சேதம் ஏற்படுவதில்லை.

நிழலும் குளிர்ந்த பியரும் ஒரே இடத்தில் கிடைத்ததால் நகர மக்கள் அங்கே வரத் தொடங்கினர். மரங்களின் அடியில் நீண்ட மேசைகளும் விசிப்பலகைகளும் இடப்பட்டன. சேமிப்பிடம் இவ்வாறு பொழுதுபோக்கிடமாக மாறியது.

1812 ஆம் ஆண்டின் ஆணை

பியர் ஆலைகள் தமது நிலவறைகளிலேயே நேரடியாக விற்பனை செய்ததால், நகரிலிருந்த விடுதிகளும் உணவகங்களும் வாடிக்கையாளர்களை இழந்தன. அவற்றை நடத்தியோர் அரசிடம் முறையிட்டனர். பவேரியாவின் முதல் அரசரான முதலாம் மாக்சிமிலியன் யோசப், 1812 ஜனவரி 4 ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன்படி, பியர் ஆலை உரிமையாளர்கள் சூன் முதல் செப்டம்பர் வரையான நான்கு மாதங்களில் தாம் தயாரித்த மேர்ட்சன் பியரைத் தமது நிலவறைகளில் சில்லறையாக விற்கலாம். வருவோருக்குப் பியரும் ரொட்டியும் வழங்கலாம். பிற உணவுகளையும் பிற குடிவகைகளையும் வழங்குவது தடை செய்யப்பட்டது.

இத்தடை விற்பவருக்கு விதிக்கப்பட்டதேயன்றி உண்பவருக்கு அன்று. ரொட்டியை மட்டும் உண்ண விரும்பாதவர்கள் பாலாடைக்கட்டியையும் இறைச்சியையும் தாமே கூடையில் கொண்டுவந்தனர். விடுதிக்காரர்களின் வருவாயைக் காக்க எழுந்த விதி, எதிர்பாராத வகையில், பொதுமக்களுக்கு ஒரு புதிய உரிமையை உண்டாக்கியது. உணவு விற்பனை மீதான தடை பிற்காலத்தில் நீங்கியது. ஆயினும் உணவைக் கொண்டுசெல்லும் வழக்கம் நீங்கவில்லை.

குளிரூட்டலுக்குப் பின்னர்

கார்ல் வான் லிண்டே உருவாக்கிய குளிரூட்டும் பொறி 1870களில் மியூனிக்கின் ஸ்பாட்டன் பியர் ஆலையில் சோதித்துப் பார்க்கப்பட்டது. இத்தகைய பொறிகள் பரவியபின் ஆண்டு முழுவதும் பியர் தயாரிக்க முடிந்தது. நிலவறைகளின் தேவை குறைந்தது. ஆனால் அவற்றின் மேல் வளர்ந்திருந்த மரங்களும், அவற்றின் அடியில் கூடும் வழக்கமும் நிலைத்துவிட்டன.

உணவு வகைகள்

புரோட்சைட் உணவுகளுள் பெரும்பாலானவை சூடாக்கத் தேவையில்லாதவை. கூடையில் எடுத்துச் செல்லவும், மரப்பலகையில் வைத்து நறுக்கிப் பலர் பகிர்ந்துகொள்ளவும் ஏற்றவை. இவற்றுள் பல உப்புச் சுவை மிகுந்தவை என்பதால் பியருடன் பொருந்துகின்றன.

ஒபாட்ஸ்டா: நன்கு பழுத்த கமம்பேர் பாலாடைக்கட்டியை வெண்ணெயுடன் பிசைந்து, வெங்காயம், உப்பு, பாப்பிரிகா எனப்படும் காரம் குறைந்த மிளகாய்த்தூள், சீரகத்தை ஒத்த கேரவே விதை ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யப்படுகிறது. சிலர் சிறிதளவு பியரும் ஊற்றுவர். தனியாக உண்ண இயலாத அளவுக்கு முதிர்ந்துவிட்ட பாலாடைக்கட்டியை வீணாக்காமல் பயன்படுத்தும் முறையாக இது தோன்றியது. மியூனிக்குக்கு வடக்கேயுள்ள ஃபிரைசிங் நகரில், வையன்ஸ்டெஃபான் பியர் ஆலையின் உணவகத்தை நடத்திய கத்தரினா ஐசன்ரைக் என்பவர் 1920களில் இதனைப் பலரறியச் செய்தார் எனக் கூறப்படுகிறது. 2015 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது.

ராடி: இது வெள்ளை முள்ளங்கி. இதற்கென உள்ள சுழல்கத்தியால் அறுபடாத ஒரே சுருளாக முள்ளங்கியைச் சீவி உப்பிடுவர். சிறிது நேரத்தில் உப்பு நீரை வெளியே இழுப்பதால் முள்ளங்கி "அழுகிறது" என்று சொல்வதுண்டு. நீர் வெளியேறும்போது காரம் தணிந்து துண்டு மென்மையாகிறது. சுருளை விரித்து ஒவ்வொருவரும் ஒரு பகுதியைப் பிய்த்துக்கொள்வர்.

பிரேட்சன்: முடிச்சு வடிவிலான ரொட்டி. சுடுவதற்கு முன் மாவு நீர்த்த சோடியம் ஐதராக்சைடுக் கரைசலில் தோய்க்கப்படுகிறது. இக்காரக் கரைசல், சுடும்போது நிகழும் பழுப்பாக்க வினையை விரைவுபடுத்துவதால் மேற்புறம் ஆழ்ந்த பழுப்பு நிறமும் தனிச்சுவையும் பெறுகிறது. மேலே பருமனான உப்பு தூவப்படும். பியர்த் தோட்டங்களில் விற்கப்படும் பெரிய பிரேட்சன் ஒன்றை நால்வர் பகிர்ந்து உண்ண முடியும்.

இறைச்சி வகைகள்: மெல்லிய துண்டுகளாக நறுக்கிய தொத்திறைச்சியை வெங்காயம், வினாகிரி, எண்ணெய் ஆகியவற்றுடன் கலந்த "வூர்ஸ்ட்சலாட்", உப்பிட்டுப் புகையூட்டிய பன்றியிறைச்சி, உருக்கிய பன்றிக்கொழுப்புத் தடவிய ரொட்டி ஆகியன பரவலாக உண்ணப்படுபவை. "லேபர்கேசெ" என்னும் சுட்ட இறைச்சிப் பாளத்தின் பெயர் "ஈரல் பாலாடைக்கட்டி" எனப் பொருள் தரினும், பவேரிய வகையில் பொதுவாக ஈரலும் இல்லை, பாலாடைக்கட்டியும் இல்லை.

ஸ்டெக்கெர்ல்ஃபிஷ்: குச்சியில் குத்தித் தணலில் வாட்டிய மீன். முன்னர் பவேரிய ஏரிகளின் மீன்களைக் கொண்டு செய்யப்பட்டது. இன்று பெரும்பாலும் கானாங்கெளுத்தி பயன்படுகிறது. இதனையும், வாட்டிய அரைக் கோழியையும் வீட்டிலிருந்து கொண்டுவருவோர் குறைவு. தோட்டத்திலுள்ள கடைகளிலேயே வாங்குவர்.

உண்ணும் முறை

தோட்டம் பெரும்பாலும் இரு பகுதிகளாக அமைந்திருக்கும். விரிப்பு இடப்பட்ட மேசைகளில் பணியாளர் பரிமாறுவர்; அங்கே வெளியுணவுக்கு இடமில்லை. விரிப்பு இல்லாத வெறும் மேசைகள் தாமே எடுத்து உண்போருக்கு உரியவை. வீட்டு உணவை இங்கேதான் பிரிக்க வேண்டும். குடிவகைகளை வெளியிலிருந்து கொண்டுவருதல் கூடாது. தோட்டத்தின் வருவாய் அதனைச் சார்ந்திருப்பதே காரணம்.

குழுவாக வருவோர் முன்கூட்டியே பேசி, ஒருவர் ரொட்டி, ஒருவர் பாலாடைக்கட்டி, ஒருவர் முள்ளங்கி எனப் பிரித்துக்கொண்டு வருவதுண்டு. மரப்பலகை, கத்தி, உப்புக்குடுவை ஆகியவற்றுடன் மேசை விரிப்பையும் சிலர் எடுத்து வருவர். யார் எதனைக் கொண்டுவந்தார் என்னும் வேறுபாடின்றி எல்லாம் மேசையின் நடுவில் வைக்கப்படும். பியர் வழக்கமாக "மாஸ்" எனப்படும் ஒரு லிட்டர்க் குவளையில் வழங்கப்படுகிறது. பியரும் எலுமிச்சைப் பானமும் கலந்த "ராட்லர்", மதுசாரமற்ற ஆப்பிள் சாறு ஆகியனவும் கிடைக்கும். சிறுவர் விளையாடும் இடங்கள் பல தோட்டங்களில் உள்ளன. எனவே குடும்பத்துடன் வருவோரும் மிகுதி.

மேசைகள் நீளமானவை என்பதால் முன்பின் அறியாதவர்கள் அருகருகே அமர்வது இயல்பு. "இவ்விடம் காலியாக உள்ளதா?" என்று கேட்டுவிட்டு அமர்வதே மரியாதை. உணவைக் கொண்டுவர முடிவதால், ஒரு குவளைப் பியருக்கு மட்டும் செலவிடக்கூடிய மாணவரும் செல்வந்தரும் ஒரே மேசையில் அமர இயல்கிறது. பியர்த் தோட்டத்தின் சமூக முக்கியத்துவமாகப் பவேரியர்கள் கருதுவது இதனையே.

1995 ஆம் ஆண்டின் போராட்டம்

மியூனிக்குக்குத் தெற்கே குரோஸ்ஹெசெலோஹே என்னுமிடத்தில் உள்ள வால்ட்விர்ட்ஷாஃப்ட் என்ற பியர்த் தோட்டத்தின் இரைச்சல் குறித்தும், வாகனப் போக்குவரத்துக் குறித்தும் அயலில் வசித்தோர் வழக்குத் தொடுத்தனர். இரவு 9:30 மணிக்கே தோட்டத்தை மூட வேண்டும் என 1995 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. கோடையில் பொழுது சாய்வதே அந்நேரத்தில்தான். பணி முடிந்து வருவோர் உணவுக்கூடையைப் பிரித்துச் சிறிது நேரத்திலேயே எழ வேண்டியிருக்கும்; பிற தோட்டங்களுக்கும் இந்நிலை பரவும் என்னும் அச்சம் எழுந்தது. 1995 மே 12 ஆம் நாள் ஏறத்தாழ 25,000 பேர் மியூனிக்கில் திரண்டனர். இந்நிகழ்வு "பியர்த் தோட்டப் புரட்சி" என்று அழைக்கப்படுகிறது.

இதனையடுத்து பவேரிய அரசு பியர்த் தோட்டங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. அயலாரின் அமைதிக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்னும் அடிப்படையில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 1999 ஜனவரியில் அவற்றைச் செல்லாதவையாக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் திருத்திய விதிகள் வெளியாயின. இவற்றின்படி இசை இரவு 10 மணிக்கும், உணவும் குடிவகைகளும் வழங்குவது 10:30 மணிக்கும், தோட்டத்தின் இயக்கம் 11 மணிக்கும் முடிவடைய வேண்டும்.

இச்சலுகை திறந்தவெளி உணவகங்கள் அனைத்திற்கும் உரியதன்று. பியர்த் தோட்டத்துக்கு இரு தன்மைகள் இருக்க வேண்டும் என விதிகளுக்கான விளக்கம் கூறுகிறது. ஒன்று, மரங்கள் சூழ்ந்த தோட்டமாக இருத்தல். மற்றொன்று, கொண்டுவரும் உணவைக் கட்டணமின்றி உண்ண இடமளிக்கும் மரபுவழி நடைமுறை. அயலார் கூடுதலாக ஒரு மணி நேர இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமெனில், அவ்விடம் வெறும் வணிக நிலையமாக இல்லாமல் அனைவருக்கும் திறந்த பொது இடமாகவும் இருத்தல் வேண்டும் என்பது இதன் உட்பொருள். ஆணையின் 200 ஆம் ஆண்டு நிறைவு 2012 இல் கொண்டாடப்பட்டது.

குறிப்பிடத்தக்க தோட்டங்கள்

மியூனிக்கின் ஹிர்ஷ்கார்ட்டன் ஏறத்தாழ 8,000 இருக்கைகளைக் கொண்டது. ஆங்கிலப் பூங்காவில் உள்ள சீனக் கோபுரத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேரும், அவ்குஸ்டினர் கெல்லர் தோட்டத்தில் ஏறத்தாழ 5,000 பேரும் அமரலாம். பவேரியாவின் வடபகுதியான ஃபிராங்கோனியாவில், பாம்பெர்க், ஃபோர்க்ஹைம் முதலிய நகரங்களில் நிலவறைகள் குன்றுகளைக் குடைந்து அமைக்கப்பட்டவை. இருக்கைகள் அவற்றின் மேல் உள்ளதால், அங்குள்ளோர் "நிலவறைக்குள் போகிறோம்" என்னாது "நிலவறை மேல் போகிறோம்" என்பர்.

ஒத்த வழக்கங்கள்

ஆஸ்திரியாவின் "ஹொய்ரிகர்" எனப்படும் திராட்சைமது விடுதிகள் இதனுடன் ஒப்பிடத்தக்கவை. இரண்டாம் யோசப் பேரரசர் 1784 இல் பிறப்பித்த ஆணை, திராட்சைத் தோட்ட உரிமையாளர்கள் தமது சொந்த விளைபொருள்களைத் தாமே விற்க இடமளித்தது. அங்கும் ரொட்டி, பாலாடைக்கட்டி, குளிர்ந்த இறைச்சி ஆகியவையே முதன்மை உணவுகள். செக் குடியரசின் பியர் விடுதிகளில் எண்ணெயில் ஊறவைத்த மென்மையான பாலாடைக்கட்டி ரொட்டியுடன் உண்ணப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சமையலறை இல்லாத சிறு பியர் ஆலைகள் பல, வருவோர் தமது உணவைக் கொண்டுவர அனுமதிக்கின்றன. அங்கே இது ஆலையின் வசதியைப் பொறுத்தது. பவேரியாவிலோ இதுவே தோட்டத்தின் இலக்கணம்.

இவற்றையும் பார்க்க

பியர்
பவேரியா
மியூனிக்
நொதித்தல்
பாலாடைக்கட்டி